கிரவுண்டு நிலமும் புல் வெட்டும் மெஷினும்

திருவொற்றியூரில் புல்லட் வண்டி தயாரிக்கத் தொடங்கிய ஆண்டு 1956. அந்த வண்டிக்குத் தாய்வீடு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த நிறுவனம். ராயல் என்ஃபீல்டு என்ற அதே பெயரில் அது சைக்கிள், எஞ்சின், புல் வெட்டும் இயந்திரம் ஆகியவற்றையும் விற்றுவந்தது. அவற்றில் இங்கே வந்து வேரூன்றியது புல்லட்தான். பெரம்பூரை அடுத்த செம்பியத்திலோ, 1960-இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்கள் உருவாகி நாடெங்கும் வயல்களுக்குப் போயின. எண்ணூரிலிருந்து அசோக் லேலண்டு லாரிகள் புறப்பட்டன. எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் தமிழ்நாட்டில் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கும் இடங்கள் குறைவு.

அந்தக் கைகளுக்குச் சொந்தமான வீட்டைச் சுற்றியிருக்கும் மண்ணில் ஒவ்வொரு மழைக்கும் புல் முளைக்கிறது. புல் புதராகிறது, புதரில் எலி வளை தோண்டுகிறது, எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. இதைச் சமாளிக்க வடசென்னை வீட்டுக்காரர்கள் எந்தக் கருவியை நம்பலாம், எது காசைக் கரைத்துவிட்டு மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிக்கும்? கடைகளில் கிடைக்கும் மெஷின்களில் பல வேறொரு நிலத்துக்காக, வேறொரு பருவத்துக்காக உருவானவை. அதனால் வாங்குவதற்கு முன் நிலத்தையும் மழையையும் காற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மண் எவ்வளவு?

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் வீடும் வீடும் சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. வாசற்படியை விட்டு இறங்கினால் தெரு. அங்கே புல் என்ற பேச்சுக்கே இடமில்லை. திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூர், கத்திவாக்கம், மணலி, மணலி புதுநகர், மீஞ்சூர் என்று போகப்போகத்தான் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகள் தென்படுகின்றன. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. வீடு, கிணறு அல்லது போர், படிக்கட்டு, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் போக மிஞ்சுவதில் ஒரு முருங்கை, இரண்டு வாழை, துணி காயப்போடும் கொடி. திறந்த மண் சில நூறு சதுர அடிதான்.

உண்மையான தலைவலி பக்கத்து மனை. யாரோ முதலீட்டுக்காக வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறார்கள். ஐப்பசி மழை முடிவதற்குள் அங்கே கோரையும் பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் தோள் உயரம் எழுந்துவிடுகின்றன. காலிமனை வரியைப் பலர் கட்டுகிறார்கள். மனையைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்புவோர் குறைவு. விளைவை அனுபவிப்பவர் மதிலுக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர்.

கடலோரக் குப்பங்களின் கதை வேறு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. வலை உலர்த்திய முற்றங்கள் பல இன்று பாறைக்கும் தூண்டில் வளைவுக்கும் அப்பால் நீருக்குள் இருக்கின்றன. எஞ்சிய மணலில் அடும்பும் ராவணன் மீசையும் படர்ந்தால் அவற்றை வெட்டக் கூடாது. மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான்.

இதோடு அமெரிக்காவை ஒப்பிட்டால் வித்தியாசத்தின் அளவு புரியும். நாசா ஆதரவுடன் 2005-இல் வெளிவந்த ஆய்வொன்று, அங்கே வீடுகள், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்களில் உள்ள புல்தரையின் மொத்தப் பரப்பைச் சுமார் 1,63,800 சதுர கிலோமீட்டர் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் பரப்பே ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். ஜான் டியர் போன்ற வயல் டிராக்டர் நிறுவனம் 1963-இல் வீட்டுக்காரருக்கென்றே ஒரு சின்ன டிராக்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்ததன் காரணம் அந்தப் பரப்பு. ஏறி உட்கார்ந்து ஓட்டும் அந்த வண்டி அரை ஏக்கருக்கு மேல் இருந்தால்தான் பிரயோசனம். அரை ஏக்கர் என்றால் நம் கணக்கில் 9 கிரவுண்டு. வடசென்னையில் அப்படிப்பட்ட புல் பரப்பு தொழிற்சாலை வளாகத்திலும் பள்ளி மைதானத்திலும் உண்டு. தனி வீட்டில் காண்பது அரிது.

எந்த மெஷின் எதற்காகப் பிறந்தது?

புல் வெட்டும் இயந்திரத்தின் தந்தை எட்வின் பட்டிங், இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதிக்காரர். அங்கே கம்பளித் துணி ஆலைகளில், துணியின் மேல் எழும் பிசிறுகளை உருளையில் பொருத்திய கத்திகள் சீராக நறுக்கும். அதே உருளையைத் தரையில் உருட்டினால் புல்லையும் நறுக்கலாம் என்று கண்டு 1830-இல் காப்புரிமை பெற்றார். இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி அதைப் பரப்பியது. கையால் தள்ளும் உருளை மெஷின் இன்றும் கிடைக்கிறது. பெட்ரோல் வேண்டாம், சத்தம் இல்லை, கத்தரிக்கோல் போல் சுத்தமாக வெட்டும். ஆனால் தரை சமமாக இருக்க வேண்டும். புல் குட்டையாக இருக்க வேண்டும். கட்டட வேலையில் மிஞ்சிய ஜல்லி ஒன்று சிக்கினால் கத்தியின் விளிம்பு போய்விடும். வீட்டைச் சுற்றிக் கொரியன் கிராஸோ பஃபலோ கிராஸோ பதித்து வாரம் தவறாமல் கவனிக்கிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

சுழலும் கத்தி மெஷின் அடுத்த கட்டம். 1952-இல் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தன் வீட்டுக் கொட்டகையில் உருவாக்கிய விக்டா, பழ டப்பாவையே பெட்ரோல் டேங்காக வைத்து ஓடியது. அது மலிவாகக் கிடைத்ததால் சாதாரணக் குடும்பங்களும் புல்தரை வைக்கத் தொடங்கின. இந்த வகை உயரப் புல்லையும் ஓரளவு சமாளிக்கும். ஆனாலும் நான்கு சக்கரம் உருள இடம் வேண்டும். மதிலுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே மூன்றடிச் சந்தும், அதில் மூன்று பூந்தொட்டியும் ஒரு கழிவுநீர்த் தொட்டி மூடியும் உள்ள நம் வீடுகளில் அது திரும்பவே முடியாது.

மூன்றாவது வகைதான் இங்கே நிலைத்தது. 1971-இல் ஹூஸ்டன் நகரின் ஜார்ஜ் பாலஸ், கார் கழுவும் இடத்தில் சுழலும் நைலான் தூரிகைகளைப் பார்த்து, நைலான் இழையைச் சுழற்றிப் புல் வெட்டும் கருவியை உருவாக்கினார். அதே இழையைப் பூட்டக்கூடிய பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்து, வரப்பு, சுவரோரம், மேடு பள்ளம் எங்கும் நடக்கலாம். மென்புல்லுக்கு நைலான் ஒயர். கோரைக்கும் பார்த்தீனியத்துக்கும் மூன்று பல் பிளேடு. விரல் பருமன் கருவேலங்கன்றுக்கு வட்ட ரம்பம். தலைப்பகுதியை மட்டும் மாற்றினால் போதும். ஒரு கிரவுண்டுக் காலி மனையை அரிவாளால் வெட்ட ஒருவருக்கு ஒரு நாள் பிடிக்கும் என்றால், பழகிய கை இதை வைத்து ஒரு முற்பகலில் முடித்துவிடும்.

வெட்டுவது மட்டும் வேலையல்ல. கோரைக்கு மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கிறது; மேலே எத்தனை முறை வெட்டினாலும் மறுபடி தழைக்கும். கருவேலம் அடிமரத்திலிருந்து துளிர்க்கும். களைக்கொத்தும் மண்வெட்டியும் கொண்டு கிழங்கையும் வேரையும் எடுத்தவர்களே அடுத்த ஆண்டு பாதி வேலையோடு தப்புகிறார்கள்.

நான்கு மாத வேலை, எட்டு மாதத் தூக்கம்

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. புல்லும் அப்போதுதான் வெறி கொண்டு வளர்கிறது. பொங்கல் தாண்டினால் வேகம் குறையும். சித்திரை வெயிலில் காய்ந்து சருகாகும். தென்மேற்குப் பருவத்தின் மாலை மழைகள் கொஞ்சம் பச்சை காட்டும், அவ்வளவுதான். அதாவது மெஷின் நான்கு மாதம் உழைக்கும், எட்டு மாதம் சும்மா கிடக்கும்.

அது கெட்டுப்போவது அந்த எட்டு மாதத்தில்தான். டேங்கில் மிஞ்சிய பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகி, பிசின் போன்ற படிவு கார்புரேட்டரின் ஊசிமுனைத் துளைகளை அடைக்கிறது. அடுத்த ஐப்பசியில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம் என்று சொல்லாத பிரஷ் கட்டர் சொந்தக்காரர் அபூர்வம். இப்போது பெட்ரோலில் எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. 2025-இல் நாடு 20 சதவீதக் கலப்பை எட்டியது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். சிறு எஞ்சின் தயாரிப்பாளர்கள் பலர் 10 சதவீதம் வரைதான் ஏற்கிறார்கள். ஆண்டு முழுக்க ஈரக்காற்று வீசும் எண்ணூர்க் கரையில் இந்தச் சிக்கல் கூடுதலாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உப்புக்காற்று தன் பங்குக்கு வெளியிலிருந்து தின்கிறது. கடலுக்கு அருகே இருக்கும் வீடுகளில் ஜன்னல் கம்பிக்கு நேரும் கதி மெஷினின் திருகாணிக்கும் கேபிளுக்கும் இரும்புத் தகட்டுக்கும் நேர்கிறது. மணலிப் பக்கம் தொழிற்சாலைத் தூசு ஏர் ஃபில்டரை அடைக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மருந்து எளியது. தையில் கடைசி வெட்டு முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, உலோகப் பாகங்களில் எண்ணெய் தடவி, தரையில் போடாமல் சுவரில் மாட்ட வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கும் அளவை எழுதி ஒட்டி வைக்க வேண்டும். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணளவில் ஊற்றி பிஸ்டனை இறுக வைத்தவர்கள் ஏராளம். ஹோண்டா போன்ற நிறுவனங்களின் நான்கு ஸ்ட்ரோக் வகையில் இந்தக் கலப்பே இல்லை. ஆயிலைத் தனியே ஊற்றினால் போதும்.

சில நூறு சதுர அடிதான் என்பவர்களுக்கு பேட்டரி டிரிம்மர் இன்னும் பொருத்தம். கார்புரேட்டர் இல்லை, கயிறு இழுப்பதில்லை, புகையில்லை. சும்மா கிடக்கும் காலத்தில் பேட்டரியைப் பாதி சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வைத்தால் அதன் ஆயுள் நீளும். ஒயர் இழுத்து ஓட்டும் மின்சார மெஷின் விலை குறைவுதான். ஆனால் புல் வளரும் காலமே மழைக்காலம். ஈரத்தரையில் நீண்ட ஒயரோடு நடப்பவர் 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

புகையும் கல்லும்

சிறு எஞ்சின்தானே என்று நினைக்கிறோம். கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் கணக்கிட்டுச் சொன்னது: தொழில்முறைப் புல் வெட்டும் மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் வெளிவரும் புகைமூட்ட மாசு, ஒரு நவீன கார் சுமார் 480 கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். கலிபோர்னியா 2021-இல் சட்டம் இயற்றி, 2024 முதல் இத்தகைய புதிய பெட்ரோல் கருவிகளின் விற்பனையை நிறுத்தும் வழியில் இறங்கியது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் வெளியிட்ட பட்டியலில் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளுள் ஒன்றாக இடம்பெற்றது மணலி. ஏற்கெனவே இவ்வளவு சுமக்கும் நுரையீரல்களுக்குப் பக்கத்தில் ஓட்டும் மெஷினில் தேவையற்ற புகையைக் குறைப்பது சின்ன விஷயமில்லை.

இதைவிட உடனடியான ஆபத்து கல். பிரஷ் கட்டரின் முனை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. ஒரு ஜல்லி, ஒரு பீங்கான் துண்டு, ஒரு ஆணி பட்டால் அது எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல முடியாது. வேலை நடக்கும் இடத்திலிருந்து 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது என்று கையேடுகள் சொல்கின்றன. நம் ஊரில் கூலிக்கு வெட்ட வருபவர் பெரும்பாலும் செருப்புக் காலோடு, முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வருகிறார். குழந்தைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 1982 முதல், தள்ளும் மெஷினின் கைப்பிடியை விட்டால் 3 விநாடிக்குள் கத்தி நிற்க வேண்டும் என்பது விதி. சிங்கப்பூரின் சாலையோரங்களில் புல் வெட்டும் வேலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் பலர் இருக்கிறார்கள். முகக்கவசம், நீள பூட்ஸ், கற்கள் வழிப்போக்கர் மேல் தெறிக்காமல் பிடிக்கும் தடுப்பு ஆகியவற்றோடுதான் அங்கே வேலை நடக்கும். அதே கைகள் சொந்த ஊரில் செருப்புக் காலோடு நிற்பதை ஏற்க முடியாது. கண்ணாடியும் பூட்ஸும் மெஷின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

பாம்பு, கொசு, மாடு, மருந்து

புல் வெட்டச் சொல்லி மக்கள் கேட்பதற்கு முதல் காரணம் அழகு இல்லை, பாம்பு. அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. புதரைக் குறைத்தால் பாம்பு பதுங்கும் இடம் குறையும். ஆனால் மூலையில் செங்கல் குவியலும் குப்பையும் அப்படியே இருந்தால் எலி இருக்கும். எலி இருக்கும்வரை பாம்பும் வரும். கொசுவிலும் இப்படி ஒரு குழப்பம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு புல்லில் முட்டையிடுவதில்லை. தேங்காய் ஓடு, உடைந்த தொட்டி, டயர், மூடாத டிரம் ஆகியவற்றில் தேங்கும் நீரே அதற்குப் போதும். புல்லை மொட்டையடித்துவிட்டு மாடியில் டிரம்மைத் திறந்து வைப்பவர் கொசுவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

முன்பு இந்த வேலையை மாடு செய்தது. கத்திவாக்கத்திலும் திருவொற்றியூரிலும் எருமைகள் காலி மனைகளை மேய்ந்து வீட்டுக்குப் பாலும் தந்தன. மனைகள் குறைந்து மாடுகள் தெருவுக்கு வந்தபோது நிலைமை மாறியது. 2024 ஜூனில் திருவொற்றியூரில் எருமை ஒன்று தெருவில் போன பெண்ணை முட்டி இழுத்துச் சென்றதை ஊரே பார்த்தது. அதன் பின் மாடு பிடிப்பதில் மாநகராட்சி கடுமை காட்டியது. அந்த வழி இனி நகரத்துக்குள் திரும்பாது.

மருந்து அடிப்பது அடுத்த குறுக்குவழி. களைக்கொல்லியான கிளைஃபோசேட்டை, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு விதித்தது. கிணறும் போரும் பத்தடி தூரத்தில் இருக்கும் மனையில் வீட்டுக்காரரே அதை வாங்கித் தெளிப்பது சட்டத்துக்கும் உடம்புக்கும் ஆகாது. கல்லுப்பைக் கொட்டிக் களையைக் கருக்குவோர் அதே மண்ணில் அடுத்து வாழைக்கன்று வைத்துப் பார்த்து வருந்துகிறார்கள்.

எல்லாவற்றையும்விட வேகமாகப் பரவுவது சிமென்ட். புல் தொல்லை தாங்காமல் வீட்டைச் சுற்றி முழுக்கக் கான்கிரீட் போடுகிறார்கள், அல்லது பேவர் பிளாக் பதிக்கிறார்கள். ஒரே செலவு, ஒரே நாளில் நிம்மதி. இதன் விலையை எண்ணூர் - மீஞ்சூர் பகுதி தாங்காது. தொழிற்சாலைகளுக்காகவும் நகரத்துக்காகவும் உறிஞ்சப்பட்ட அந்த நிலத்தடி நீரில் 1960களின் பிற்பகுதி முதலே கடல்நீர் உள்ளே ஏறுவது பதிவாகியிருக்கிறது. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010-இல் திறக்கப்பட வேண்டியிருந்தது. 2003-இல் தமிழகம் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது எதற்காகவோ, அதே காரணத்துக்காகவே வீட்டைச் சுற்றியுள்ள மண்ணும் திறந்திருக்க வேண்டும். புல் மூடிய மண் மழையை உள்ளே வாங்கும். கான்கிரீட் அதைத் தெருவுக்குத் தள்ளும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில், மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த நீர் எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெருவில் நிற்கும் ஒவ்வொரு அங்குல நீரும் என்ன செய்யும் என்பது தெரியும்.

தெருவுக்கு ஒரு மெஷின்

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் ஒரு விடை தெளிவாக எழுகிறது. அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியே மெஷின் வாங்குவது வீண். ஆண்டில் சில மணி நேர வேலைக்கு வாங்கி, எட்டு மாதம் உப்புக்காற்றில் போட்டு, மறுபடி பழுது பார்க்கும் செலவு அது. இருபது, முப்பது வீடுகள் சேர்ந்து ஒரு நல்ல நான்கு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரும், இரண்டு பேட்டரி டிரிம்மரும், இரண்டு ஜோடி பூட்ஸும், முகக்கவசமும் வாங்கினால் புல் வளரும் மாதங்களில் மெஷினுக்கு ஓய்வே இருக்காது. மீதி மாதங்களில் அதைப் பராமரிக்கும் வேலையும் செலவும் பகிர்ந்துபோகும்.

தமிழ்நாட்டில் வாடகைக் கருவி என்பது புதிய யோசனை இல்லை. வேளாண் பொறியியல் துறை டிராக்டரையும் ரோட்டவேட்டரையும் மணிக்கணக்கில் குறைந்த வாடகைக்கு விவசாயிகளுக்குக் கொடுத்துவருகிறது. இ-வாடகை மூலம் செல்போனிலேயே பதிவு செய்யலாம். 2020 ஊரடங்கில் டாஃபே நிறுவனம் தமிழகச் சிறு விவசாயிகளுக்கு 90 நாட்களுக்கு டிராக்டர்களை இலவச வாடகைக்கு அளித்தது. வயலுக்குச் செய்ததை வார்டுக்கும் செய்யலாம். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலிப் பகுதிகளில் மண்டல அலுவலகம் இருக்கிறது, குடியிருப்போர் சங்கங்கள் இருக்கின்றன, எஞ்சின் படித்த ஐ.டி.ஐ. இளைஞர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஆவணியில் மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்து, காலி மனைகளின் பட்டியலைப் போட்டு, உரிமையாளர்களுக்கு மாநகராட்சி மூலம் நோட்டீஸ் அனுப்பி, வராதவர்களின் மனையைச் சங்கமே வெட்டி அந்தச் செலவைக் காலிமனை வரியோடு வசூலிக்க ஓர் ஏற்பாடு செய்தால் போதும். ஐப்பசி முதல் மழைக்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். இதற்குத் தேவையான மாமன்றத் தீர்மானத்தைக் கேட்டு வாங்கும் பொறுப்பு அந்த மண்டலங்களின் கவுன்சிலர்களுக்கும் அவர்களைத் தேர்ந்தெடுத்த வீட்டுக்காரர்களுக்கும் இருக்கிறது.